மைக் பிடித்தவளும் சுக்கான் பிடித்தவரும்

எங்கள் படகில் வேலைப் பங்கீடு ரொம்பச் சுலபம். என் வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் பேசுவேன். படகுத்துறையில் அவருக்கு மௌனசாமி என்று பெயர், எனக்கு ஸ்பீக்கர். இரண்டையும் வைத்தது டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் அக்கா. ஊரில் யாருக்கு என்ன பட்டப்பெயர் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பவள் அவள்.

சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே விஷயம் நிறைய இருக்கிறது. ஆறு வந்து ஏரியில் கலக்கும் இடம், ஏரிக்கு நடுவே முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பாறைகள், அப்புறம் கரையைக் குடைந்து உள்ளே போய்த் தண்ணீர் ஒதுங்கி நிற்கிற சின்னச் சின்ன இடங்கள். துறையின் பலகையில் அவற்றைக் குடா என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வாயில் எல்லாமே மூலைதான். திருடன் மூலை, மாமியார் மூலை, தூங்குமூஞ்சி மூலை. பாதிக்கு மேல் நான் வைத்த பெயர்கள். பெயர் என்று வந்துவிட்டால் அதற்கொரு கதை வேண்டும், அதுவும் என் பொறுப்பு. அத்தனையும் பொய்யா என்று சிலர் கேட்பார்கள். வெறும் தண்ணீரை மட்டும் காட்டினால் கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு செல்போனை எடுக்கிற கூட்டத்தை நீங்கள் ஒரு தடவை கட்டி மேய்த்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நான் நிற்பது படகின் முன்பக்கம். போகிற திசைக்கு முதுகைக் காட்டி, பயணிகளைப் பார்த்து நிற்பேன். எல்லாத் தலைகளுக்கும் பின்னால், கடைசியில், சுக்கானைப் பிடித்தபடி அவர். படகு எங்கே போகிறது என்று எனக்குக் கண்ணால் தெரியாது, அவர் தோளைப் பார்த்துத்தான் தெரியும். வலது தோள் இறங்கினால் ஆற்றுப் பக்கம், இடது தோள் இறங்கினால் பாறைகள். அதற்கு ஏற்றபடி கதையை நீட்டுவேன், குறுக்குவேன். மனதில் இருப்பது அவருக்கு வாய் வரைக்கும் வராது, தோளோடு நின்றுவிடும். அந்தத் தோளைப் படிக்கத் தெரிந்ததால்தான் எங்கள் குடும்பம் இத்தனை வருஷம் ஓடியது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வருவது சும்மா மூலை. வாசலில் கோரை மண்டிக்கிடக்கும். சின்னப் படகு மட்டும்தான் நுழைய முடியும். உள்ளே போனதும் அவர் எஞ்சினை அணைப்பார், நான் மைக்கை அணைப்பேன். நாள் முழுக்க நான் வாயை மூடும் ஒரே இடம் அது. அவர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டதும் அங்கேதான். கேட்டார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எஞ்சினை அணைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பொழுது சாய்ந்துவிடும் போலிருந்ததால் நானே சரி என்று சொல்லிவைத்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்த போன் வந்தது. துறைமுகத்திலிருந்து கவுன்டருக்கு வந்த போன். கடலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பெரிய கப்பல் ஒன்றுக்கு, ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமாம். என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கேட்டார்களாம். அவர் ரிசீவரை வாங்கிக்கொண்டு, வயர் எட்டும் மட்டும் ஓரமாகப் போய்ப் பேசினாராம். இவ்வளவையும் எனக்குச் சொன்னது டிக்கெட் அக்கா. அவர் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் கடலில் இருந்தவர். என்னால்தான் இந்த ஏரிக்கு வந்து சேர்ந்தார். கடலில் கிடந்த மனுஷனை ஏரிக்குள் கட்டிப்போட்டுவிட்டோமோ என்ற உறுத்தல் எனக்கு எப்போதும் உண்டு. அந்தக் கப்பலில் ஏறினால் வாரக்கணக்கில் வீட்டுக்கு வர முடியாது. எனக்கு அவரை அனுப்ப மனசில்லை. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் காத்திருந்தேன். படகு பழுது பார்க்கும் பட்டறைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் எங்கள் வீடு. கை கழுவினார், சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், நாளைக்கு மழை வரலாம் என்றார். அவ்வளவுதான். நான் பாத்திரங்களை நங் நங்கென்று வைத்துக் காட்டினேன். சத்தம் கீழே பட்டறையிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

நானே கேட்டிருக்கலாம். அதுதான் நடக்கவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் தானாக வந்து சொல்ல வேண்டிய விஷயத்தை நான் போய்க் கெஞ்சிக் கேட்பதா என்று ஒரு வீம்பு. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயமும் அதற்கு அடியில் இருந்தது. வீம்பு வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன், பயத்தைக் காட்டவில்லை.

மறுநாள் காலையில் மைக்கைக் கையில் எடுத்ததும் எனக்கு வழி கிடைத்துவிட்டது. நேராகக் கேட்டால்தானே கௌரவக் குறைச்சல். ஜாடையாகச் சொல்வதற்கு யார் அனுமதி வேண்டும்? எனக்கு முன்னால் பயணிகள், அவர்களுக்குப் பின்னால் அவர். நான் யாரைப் பார்த்துப் பேசுகிறேன் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

முட்டிக்கொண்டு நிற்கும் பாறைகள் அதுவரை அண்ணன் தம்பி. வரப்புச் சண்டையில் கல்லாகிப் போனவர்கள். அன்றைக்கு அவர்களை நான் புருஷன் பெண்டாட்டி ஆக்கினேன். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு தண்ணீருக்குப் போகப் பார்த்தானாம் அந்தப் புருஷன், கால் எடுத்து வைத்த இடத்திலேயே கல்லாகிவிட்டானாம். திருடன் மூலையில் ஒளிந்திருந்தவன் நகை திருடவில்லை, வீட்டில் ஒரு விஷயத்தை மறைத்தான். மாமியார் மூலைக்கு வந்தபோது மாமியாரே மருமகள் பக்கம் சேர்ந்துகொண்டு மகனை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பயணிகள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நான் அவர் தோளைப் பார்த்தேன். அது அசையவே இல்லை.

அசையாததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. ஏனென்றால் சும்மா மூலைக்குத் திரும்பும்போது வலது தோள் நன்றாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. படகு நேராகத் துறைக்கு வந்து நின்றது. டிக்கெட்டில் போட்டிருக்கிற இடத்தைக் காட்டவில்லையே என்று இரண்டு பேர் முனகினார்கள். மறந்துவிட்டார் போலும் என்று நினைத்தேன். மதியப் பயணத்திலும் அங்கே போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. என்னைக் கேட்ட இடத்துக்கு வர அந்த மனுஷனுக்கு முகமில்லை, போகத் தீர்மானித்துவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

போதாததற்கு டிக்கெட் அக்காவிடமிருந்து தொலைநோக்கியை இரவல் வாங்கியிருந்தார். பயணிகள் ஏறி இறங்கும் இடைவேளையில் துறை விளிம்பில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். ஏரியிலிருந்து ஆறு மறுபடி வெளியேறிக் கடலுக்குப் போகிற திசை அது. இங்கிருந்து கடல் தெரியாது என்று எங்கள் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அப்படியும் பார்க்கிறார் என்றால் ஆசை எவ்வளவு இருக்க வேண்டும்?

என் ஜாடைப் பேச்சு நாளுக்கு நாள் காரமானது. அதில் ஒரு புதுமணத் தம்பதி மாட்டிக்கொண்டார்கள். பாறைக் கதை முடிந்ததும் அந்தப் பெண் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்து, நீயும் என்னிடம் எதையாவது மறைக்கிறாயா என்று கேட்டாள். அவன் ஒரு நொடி தாமதித்துவிட்டான். மீதிப் பயணம் முழுக்க அவள் அவனைக் குடைந்தெடுத்தாள். இறங்கும்போது அவன் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இன்னொருத்தர் தொப்பி அம்மா. குடை அளவுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு தனியாக வந்தவர். முதல் தடவை வந்தபோது சும்மா மூலையைக் காட்டவில்லை என்பதால் மறுநாளும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பாறைப் பக்கம் வந்ததும் கையைத் தூக்கினார். நேற்று அந்தப் புருஷன் கல்லானான் என்றீர்கள், இன்றைக்கு அவனை முதலை விழுங்கியது என்கிறீர்களே, எது சரி என்று கேட்டார். நேற்று மன்னிக்கிற மனநிலையில் இருந்தேன், இன்றைக்கு இல்லை என்று சொன்னேன். படகே சிரித்தது. தொப்பி அம்மா சிரிக்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பிக் கடைசியில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் நேரம் வந்தது. வழக்கம்போல அவர் தோள் நேராகவே இருந்தது. தொப்பி அம்மா மறுபடி கையைத் தூக்கினார். இந்தத் தடவையும் அந்த அமைதியான இடத்துக்குப் போகாவிட்டால் நாளைக்கும் வருவேன், நாளை மறுநாளும் வருவேன், எனக்கு வேறு வேலை இல்லை என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் அதோடு பொறுமை போய்விட்டது. மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படி சொன்னேன்.

"அங்க ஏன் போறதில்லைன்னு எனக்கும் தெரியாதுங்க. என்ன காரணமோ, அதைப் படகு ஓட்டுறவர்தான் சொல்லணும்."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. அவர் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் வலது தோள் இறங்கியது.

ஆனால் உள்ளே நுழையவில்லை. வாசலுக்கு எவ்வளவோ முன்னாலேயே எஞ்சினை அணைத்துவிட்டார். பெஞ்சுக்கு அடியில் கிடந்த துடுப்பை இழுத்தெடுத்து, தண்ணீர் சலசலக்காமல் மெல்ல வலித்தார். கோரை ஓரமாக வந்ததும் துடுப்பைத் தூக்கிவிட்டு உதட்டில் விரலை வைத்தார். பயணிகளுக்கு இல்லை. எனக்கு.

நான் முதல் தடவையாக முன்பக்கம் திரும்பிப் பார்த்தேன். கோரைத் தண்டுகளுக்கு நடுவே அழுகின பாசியும் குச்சியுமாக ஒரு குப்பைக் குவியல் மிதந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு முக்குளிப்பான். கைக்குள் அடங்குகிற பறவை, உருண்டையாக, எங்களை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எழுந்து, அவசர அவசரமாகப் பாசியை இழுத்து அடியிலிருந்த முட்டைகளை மூடிவிட்டுத் தண்ணீருக்குள் மறைந்தது. குப்பை என்று நான் நினைத்தது கூடு. கரையில் இல்லை, மரத்தில் இல்லை, தண்ணீர் மேலேயே கட்டி வைத்திருந்தது. எஞ்சின் அலை ஒன்று வந்தால் போதும், அத்தனையும் முழுகிவிடும்.

பழக்க தோஷம், என் கை தானாக மைக்கை வாய்க்குக் கொண்டுபோனது. அவர் அதற்குள் பெஞ்சுகளைத் தாண்டி முன்னால் வந்து, மைக்கைத் தன் உள்ளங்கையால் பொத்திவிட்டார். கிசுகிசுப்பாகத்தான் பேசினார்.

"இதுக்குத்தான் உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ மைக்குல சொல்லிடுவ. சின்னப் படகு வச்சிருக்கிற அத்தனை பேரும் காட்டுறதுக்குக் கூட்டிக்கிட்டு வந்துருவாங்க."

அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முக்குளிப்பானுக்கு ஒரு கதை அதற்குள் மனதில் பாதி தயாராகியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மேற்கே பார்த்த தொலைநோக்கியும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடலும் இல்லை, கப்பலும் இல்லை, இந்த மூலையும் துறையிலிருந்து மேற்குப் பக்கம்தான். நான்கு முட்டையோ ஐந்து முட்டையோ, அதற்கு இந்த மனுஷன் காவல் காத்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, அவரைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளவேண்டும் போலவும் இருந்தது.

நானும் கிசுகிசுத்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரிய சண்டையை ஒரு பறவைக்காகக் கிசுகிசுவென்று போட வேண்டியதாயிற்று. பயணிகள் ஒருவர் பாக்கியில்லாமல் முன்னால் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"நான் வேற நினைச்சேன். நீங்க அந்தக் கப்பலுக்குப் போறீங்க, அதான் இங்க வந்து என் மூஞ்சியப் பார்க்க முடியலன்னு நினைச்சேன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். எந்தக் கப்பல் என்று யோசிக்கிறார் போலிருந்தது. எனக்கு எரிந்தது.

"அதுவா?" என்றார். "போன் வந்தப்பவே மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"ஏன்?"

இதற்குப் பதில் வர நேரமானது. அவர் பேசுவதற்கு முன்னால் எப்போதும் இப்படித்தான், எங்கோ அடியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வருவார். முக்குளிப்பான் கொஞ்சம் தள்ளித் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி முழுகியது.

"அங்க ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள தனியா நின்னு ஓட்டணுமாம். பேச ஆளே கிடையாதாம். நாள் பூரா சத்தமே கேக்காதாம்." நிறுத்தினார். "எனக்கு அது சரிப்பட்டு வராது."

தொப்பி அம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரோ பின்னால் மூக்கை உறிஞ்சினார்கள். நான் பேசுகிற பேச்சையெல்லாம் இந்த மனுஷன் வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அது இல்லாமல் அவருக்கு ஓடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவருடைய தோள்கூடச் சொன்னதில்லை.

ஆனாலும் என் குணம் எங்கே போகும். சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இதை அன்றைக்கே வீட்டில் என்னிடம் சொன்னால் என்ன, நான் எத்தனை நாள் தூக்கமில்லாமல் புரண்டேன் தெரியுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீ கேக்கவே இல்லையே" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "பாறைகிட்ட சொன்ன, மாமியார் மூலைல சொன்ன, வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொன்ன. எல்லாம் எனக்குத்தான்னு தெரிஞ்சுது. என்ன கோபம்னுதான் தெரியல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

ஏரி முழுக்கக் கேட்கும்படி எவ்வளவு பேசியிருந்தேன். எதுவும் அவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை. பாதி வயசு இவரோடு கழிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது என்ன என்று ஒரு நாளாவது கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தேனா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

அவர் மைக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. என் விரல்களும் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தன.

"இப்பக் கேளு" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதிரே ஒரு படகு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது ஒரு பொருட்டாக இல்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"என்னை விட்டுட்டுப் போயிருவீங்களா?"

"மாட்டேன்."

இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவையும் சொன்னார்.